தெலெசியா எட்டிப் பார்ப்பதில்லை

“வாயால சொன்னா போதாது, கையால காட்டுங்க. எவ்வளவு பெருசு?” குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடியே கேட்கிறாள் தெலெசியா. எதிரே நிற்கும் பெண் தன் கழுத்தைச் சுற்றி விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டுகிறாள். தெலெசியா டேப்பை அந்தக் கோட்டின் மேலேயே வைத்து அளக்கிறாள். கோடு கோணலாக இருந்தால் கழுத்தும் கோணலாகத்தான் வரும். அது தைத்தவள் குற்றமில்லை, காட்டியவள் குற்றம்.

போதகரின் மனைவி ஒருமுறை இதில் நன்றாக மாட்டிக்கொண்டார். காலர் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும் என்று கையை விரித்துக் காட்ட ஆரம்பித்தவருக்கு, தம்பி பிடித்து வந்த மீன் நடுவில் ஞாபகம் வந்துவிட்டது. பேச்சு மீனுக்குப் போயிற்று. கையும் அதோடு போயிற்று. தெலெசியா மீனை அளந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் இரண்டு தோளையும் மூடிய காலரோடு ஆலயத்துக்குள் நுழைந்தபோது பாட்டுக் குழு முதல் வரியையே தவறவிட்டது. “நான் இதையா நினைச்சேன்? உனக்கே தோண வேணாமா?” என்று பிற்பாடு கேட்டிருக்கிறார். “நீங்க என்ன நினைச்சீங்கன்னு நான் நினைக்கலாமாம்மா?” என்றாள் தெலெசியா. அடுத்த மாதம் அதே காலர் வேண்டுமென்று நாலைந்து பேர் துணியோடு வந்து நின்றது வேறு கதை.

சவாயித் தீவின் இந்தக் கரையில் வீடு என்றால் தூண்களும் கூரையும்தான், சுவர் கிடையாது. யார் வீட்டில் இன்றைக்கு மீன், யார் யாரோடு முகம் கொடுக்கவில்லை, யார் தலைவாராமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பாதையில் போகிற நாய்க்கும் தெரியும். ஒரு மனுஷனுக்கு மறைவாக மிஞ்சியிருப்பது அவன் உள்ளம் ஒன்றுதான். அதற்குள்ளும் எட்டிப் பார்த்து, ‘அவன் இப்படி நினைக்கிறான், அவள் அப்படி நினைக்கிறாள்’ என்று பேசுவது, அடுத்தவர் பெட்டியைத் திறந்து உள்துணியை உதறுகிற மாதிரி. ‘நினைக்கிறேன்’ எங்களிடம் உண்டு, ‘நினைக்கிறான்’ கிடையாது. ஏன் அப்படிச் செய்தான் என்று யாராவது கேட்டால், அவனையே கேள் என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அதற்காக ஊரில் வம்பே இல்லை என்று யாரும் மயங்கிவிட வேண்டாம். கண்ணால் பார்த்ததைச் சொல்லத் தடையில்லையே! “அவ புதன்கிழமை அவங்கம்மா வீட்டுக்குப் போனா. பாயையும் சுருட்டி எடுத்துட்டுப் போனா.” சொன்னவள் அதோடு நிறுத்திக்கொண்டு கடலைப் பார்ப்பாள். கேட்டவளும் கடலைப் பார்ப்பாள். இருவரும் கடலைப் பார்த்து முடிப்பதற்குள் ஒரு குடும்பம் பிரிந்து, பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்பதும் தீர்மானமாகியிருக்கும். ஆனால் யாரும் யாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை.

தெலெசியா அந்தக் கடலையும் பார்க்காதவள். யாரைப் பார்த்தோம், எங்கே பார்த்தோம் என்று சொன்னால் கேட்டுக்கொள்வாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அடுத்த கையைத் தோளோடு இணைக்கத் தொடங்குவாள். கடைக்குட்டி அழுதுகொண்டு வந்தால்கூட, “அழுதா எனக்கென்ன தெரியும்? பசியா, எறும்பு கடிச்சுதா? வாயைத் திறந்து சொல்லு” என்பாள். இரக்கமில்லாதவள் என்று பேர் எடுத்ததில்லை. அவளிடம் தைக்கக் கொடுப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது என்று பெண்கள் சொல்வார்கள். இடுப்பளவு எடுக்கும்போது போன வருஷத்து அளவை நினைத்துக்கொண்டு புருவத்தைத் தூக்கமாட்டாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவன் அபேலு, வாய் மூடாதவன். தோன்றியது, தோன்றாதது எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லிவிடுகிற ஆள். ஆப்பிள் பறிக்க நியூசிலாந்துக்கு அவன் போன முதல் வருஷம், ஊருக்கே காது ஓய்ந்தது என்று கேலி பேசினார்கள். அதுவும் நீடிக்கவில்லை. சனிக்கிழமைதோறும் போன் வரும். தெலெசியா போனைத் தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். அங்கே என்ன குளிர், என்ன சாப்பாடு, முதலாளியின் நாய்க்கு என்ன பேர் என்று அவன் கத்துவது பக்கத்து வீட்டுப் பன்றிகளுக்கும் கேட்கும். கடைசியில் ஒரு பாட்டுப் பாடித்தான் வைப்பான். “போதும், துட்டு கரையுது” என்று அதட்டுவாளே தவிர, பாட்டு முடிகிறவரை மெஷினை ஓட்டமாட்டாள்.

இந்த வருஷம் அறுவடையின் நடுவில் அந்தப் போன் நின்றுவிட்டது.

செய்தி மட்டும் வந்தது. எழுத்தில். “நலம். சாப்பிட்டேன். கடவுள் துணை.” அடுத்த சனிக்கிழமையும் அதேதான். இவள் கூப்பிட்டால் எடுப்பதில்லை, மணி அடித்து ஓய்ந்த பிறகு, “வேலை. நலம்” என்று எழுத்து வரும். முகம் காட்டிப் பேசுகிற போனையும் எடுக்கவில்லை. அபேலுவா இரண்டு வார்த்தையில் நிறுத்துவான்? தெலெசியா ஒவ்வொரு செய்தியையும் படித்தாள். நலம் என்று எழுதியிருக்கிறான், அப்படியானால் நலம். சாப்பிட்டேன் என்றால் சாப்பிட்டான். எழுதாததைப் படிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனாலும் அந்த வாரம் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கைகளைத் தைத்துவிட்டாள்.

அப்போதுதான் செஃபோ ஊர் திரும்பினான். வேறொரு தோட்டத்தில் பழம் பறித்துவிட்டு வந்த பக்கத்துத் தெருப் பையன். வயது முப்பதாகியும் பையன்தான். கல்யாணம் ஆகாதவரை அப்படித்தான். கிளம்புவதற்கு முன்னால் அங்கே ஒரு கடைவாசலில் அபேலுவைப் பார்த்தேன் என்றான்.

“பெஞ்சுல உக்காந்திருந்தான். கால்ல புதுச் சப்பாத்து போட்டிருந்தான். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பினான். தலையை ஆட்டினான். பேசல, சிரிக்கல.”

“ஏன் பேசலையாம்?” என்று தெலெசியாவின் மூத்தவள் கேட்டுவிட்டாள்.

“அது அவன் உள்ள இருக்கிறது. நான் எப்படிச் சொல்ல முடியும்?” என்றான் செஃபோ. முறையான பதில். யாரும் குறை சொல்ல முடியாது.

புதுச் சப்பாத்து, பேசல, சிரிக்கல. ஊர் இந்த மூன்றையும் வாங்கிக்கொண்டு கடலைப் பார்க்க ஆரம்பித்தது. அபேலுவின் அக்கா சினிவா தினமும் விசிறியோடு வந்து மெஷின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்காருவாள். தம்பியை விட்டுக்கொடுக்காதவள், அதே சமயம், தம்பி பெண்டாட்டி எதுவும் தெரியாமல் இருப்பதையும் பொறுக்காதவள்.

“அந்தப் பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் போன வருஷம் அங்கேயே தங்கிட்டான். புதுச் சட்டை வாங்கினானாம் மொதல்ல” என்பாள்.

“அப்படியா அண்ணி” என்பாள் தெலெசியா.

“நான் ஒண்ணும் சொல்லல. சட்டை வாங்கினான்னு சொன்னேன்.”

“சட்டைன்னுதான் எனக்கும் கேட்டுச்சு.”

மெஷின் ஓடும். ஆனால் அடுத்தவர் உள்ளத்தை எட்டிப் பார்க்காதவள், அந்த நாட்களில் காலையிலிருந்து சாயந்தரம்வரை அபேலுவின் உள்ளத்துக்குள்தான் குடியிருந்தாள். அங்கே ஒரு பெண் வந்து போனாள். சிவப்புச் சட்டை போட்டிருந்தாள், அதுவும் மோசமான தையல். கோபத்தை விடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அவன் திரும்பி வராவிட்டால் இந்த வீட்டில் சத்தம் என்பதே இருக்காது என்று பயந்தாள். வெட்கம் வேறு. அவனைப் பற்றி இப்படியெல்லாம் நினைப்பது, அவன் தூங்கும்போது சட்டைப்பையைத் துழாவுகிற மாதிரி இருந்தது.

மே மாதம் வந்தது. அன்னையர் தினத்துக்கு ஆலயத்தில் பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்தியாக வேண்டும். இந்த முறை நீலம். ஒரு வாரமாகத் தெலெசியாவின் வீடு நீலத் துணியாகக் கிடந்தது. விழாவுக்கு முன்தினம் கடைசிச் சரிபார்ப்புக்கு ஏழெட்டுப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது லூபே. மாவட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடுப்பு எடுத்து வந்திருந்தாள். தன் அம்மாவின் உடுப்பை வாங்கிப்போக வந்த செஃபோவை சினிவா பிடித்துக்கொண்டாள்.

“என் தம்பியைப் பார்த்தியே, அதை இன்னொரு தடவை சொல்லு.”

எத்தனையாவது தடவையோ, செஃபோ அதே வரிகளைச் சொன்னான். பெஞ்சு, சப்பாத்து, தலையாட்டல், பேசல, சிரிக்கல. பெண்கள் எல்லோரும் ஒன்றாகக் கடல் பக்கம் திரும்பினார்கள்.

தெலெசியா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மெஷின் மேல் வைத்தாள்.

“செஃபோ, அவன் மனசுல என்ன இருந்துச்சு? நீ என்ன நினைக்கிற?”

விசிறிகள் நின்றன. ஒருத்தி தும்மலை அடக்கிக்கொண்டாள். சினிவாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “தெலெசியா! வாயைக் கழுவு. என் தம்பி மனசை இந்தப் பயகிட்டயா கேப்ப?”

“வேற யாருகிட்ட கேக்க அண்ணி? அவன்தான் போனை எடுக்க மாட்டேங்கறானே” என்றாள் தெலெசியா. குரல் உடைந்துவிட்டது. அந்த வீட்டில் அப்படி ஒரு குரலை யாரும் கேட்டதில்லை. செஃபோ வியர்த்துக் கொட்டி, ஓடிப்போக எந்தத் தூண் பக்கம் வழி என்று பார்த்தான்.

“இரு, இரு” என்றாள் லூபே, தூக்கிய கையை இறக்காமலே. “அவன் உள்ளத்தைப் பத்தி நான் கேக்கல. வாயைப் பத்திக் கேக்கறேன். வாய் வெளியதான இருக்கு, சொல்லலாம்ல? அவன் ஏதாவது சாப்பிட்டானா?”

“சாப்பிடலக்கா. குடிச்சான். டப்பாவுல குழல் போட்டு என்னமோ குடிச்சிட்டிருந்தான். என்கிட்ட பொரிச்ச கோழி இருந்துச்சு, ஒரு துண்டு நீட்டினேன். வேணாம்னு தள்ளிட்டான்.”

“கோழியையா? அபேலுவா?” பாயில் ஒரு பதற்றம் ஓடியது. இன்னொரு பெண் என்றால்கூட இந்த ஊர் ஒருவழியாக நம்பியிருக்கும். அபேலு கோழியைத் தள்ளினான் என்பதை ஜீரணிக்க முடியவில்லை.

“இதை ஏண்டா இத்தனை நாளாச் சொல்லல?” என்றாள் சினிவா.

“யாரும் கேக்கலையே அத்தை.”

“மூஞ்சி எப்படி இருந்துச்சு?” லூபே விடவில்லை.

“கழுத்துத் துணியை மோவாய்வரைக்கும் சுத்தியிருந்தான். கன்னம் ரெண்டும் உப்பியிருந்துச்சு. நல்லாத் தடிச்சிட்டான்.”

“பல்லு தெரிஞ்சுதா?”

செஃபோ தெலெசியாவைப் பார்த்தான். பிறகு பாயைப் பார்த்தான். “ஒரு தடவை தெரிஞ்சுது. குழலை எடுத்தப்போ. வெயில்ல மின்னிச்சு. வரிசையா. தங்கப் பல்லு கட்டிக்கிட்டான்னு...” நாக்கைக் கடித்துக்கொண்டான். “அவன் நெனச்சதில்லக்கா, நானா நெனச்சது. புதுச் சப்பாத்து, புதுப் பல்லு... உங்ககிட்ட சொன்னா உங்க மனசு நோகும்னு, இல்ல, உங்க மனசு எனக்குத் தெரியாது. என் மனசு நொந்துச்சு. அதான் பல்லை மட்டும் சொல்லல.”

லூபே கையை இறக்கினாள். அக்குளில் வைத்த ஊசி குத்தியதைக்கூடப் பொருட்படுத்தவில்லை.

“அது தங்கம் இல்லடா மடப்பயலே, கம்பி! தாடை உடைஞ்சிருக்கு. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேத்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க. எங்க ஆஸ்பத்திரியில பாத்திருக்கேன், ரக்பி ஆடிட்டு வருவானுங்க. ஒன்றரை மாசம் கஞ்சிதான், அதுவும் குழல்லதான். பேசினா ஒண்ணும் விளங்காது. அவன் எப்படி போனை எடுப்பான்?”

தெலெசியா சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் சத்தம் வந்தது. நீலத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். துணி நனைந்தது. கணவனுக்குத் தாடை உடைந்துவிட்டது என்று கேட்டு இப்படிச் சிரித்த மனைவியை உலகம் கண்டிருக்காது. பெண்கள் எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. ஒருத்தி பாயில் உருண்டாள். “அபேலு வாயைக் கட்டிட்டாங்களாம்!” என்று யாரோ பாதையில் போனவர்களுக்கும் சொல்லிவிட்டார்கள். சினிவாவும் சிரித்தாள். பாதியில் தம்பிக்கு வலித்திருக்குமே என்று அழுதாள், மறுபடி சிரித்தாள்.

தெலெசியா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துத் தட்டினாள். “தாடை எப்படி இருக்கு?”

இந்தத் தடவை பதில் உடனே வந்தது. “யார் சொன்னா?”

பின்னாலேயே இன்னொன்று. “ஏணியிலேர்ந்து விழுந்துட்டேன். அடுத்த வாரம் கம்பியை எடுக்கறாங்க. இங்க இருக்கிறவங்ககிட்ட யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லியிருந்தேன். நீ பயப்படுவேன்னுதான் சொல்லல.”

சினிவா தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். தெலெசியாவுக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. “பாத்தீங்களா அண்ணி? நான் பயப்படுவேனாம்! என் உள்ள இருக்கிறது இவனுக்கு எப்படித் தெரியும்? யாரைக் கேட்டு என் மனசுக்குள்ள வந்தான்?”

“கேளு, நல்லாக் கேளு” என்றாள் சினிவா. இந்த விஷயத்தில் தம்பி பக்கம் நிற்க அவளாலும் முடியவில்லை.

தெலெசியா ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பினாள். “என் பயத்தை நான் சொல்லிக்கிறேன். உன் தாடையை நீ சொல்லு.”

மறுநாள் ஆலயத்தில் நீல உடுப்புப் பெண்கள் பாடிய பாட்டு கொஞ்சம் அதிகச் சத்தமாகவே இருந்தது. போதகர் அன்னையரின் பக்தியைப் பாராட்டிப் பேசினார்.

அபேலு ஜூன் மாதம் வந்து இறங்கினான். துறைமுகத்தில் கப்பலின் வாய் திறந்ததும், லாரிகளுக்கு முன்னால் ஓடிவந்தான். இளைத்திருந்தான். தாடை ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது. புதுச் சப்பாத்து எங்கே என்று ஊரே காலைப் பார்த்தது. விழுந்ததில் பழையது ஒன்று பிய்ந்துபோனதால் தோட்டத்து முதலாளி கொடுத்ததாம், அளவு பெரியது. கப்பலிலிருந்து வீடுவரை பஸ்ஸில் அவன் பேசிக்கொண்டே வந்தான். ஒன்றரை மாசத்துப் பாக்கியையும் சேர்த்துப் பேசினான். சில எழுத்துகள் நழுவின, யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

“இப்ப வலிக்குதா?” என்று தெலெசியா கேட்டாள்.

“இல்லவே இல்ல.”

“சரி” என்றாள் அவள். இல்லை என்றால் இல்லைதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து சினிவா வீட்டில் பெரிய சாப்பாடு. கல்லடுப்பிலிருந்து எடுத்த சேப்பங்கிழங்கு, ஈரப்பலா, தேங்காய்ப்பாலில் வெந்த கீரைப் பொட்டலம், பன்றி, அவனுக்கென்றே ஒரு முழுக்கோழி. வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தெலெசியா அவன் எதிரே அமர்ந்து ஈ ஓட்டினாள். செஃபோ தங்கப் பல் கதையைச் சொல்லச் சொல்ல எல்லோருக்கும் வயிறு வலித்தது. அபேலு எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தான். ஏணி எப்படிச் சாய்ந்தது, தான் எப்படிப் பறந்தான் என்று எழுந்து நின்று நடித்துக் காட்டினான். உட்கார்ந்தான். ஒரு துண்டுக் கிழங்கைக் கையில் எடுத்தான். முதலாளியின் நாயைப் பற்றி ஆரம்பித்தான். நாய் முடிந்து குளிர் வந்தது. குளிர் முடிந்து மறுபடி ஏணி. கிழங்கு கையிலேயே இருந்தது.

“சாப்பிடுடா” என்றாள் சினிவா.

“சாப்பிட்டுட்டுத்தானே இருக்கேன் அக்கா” என்றான் அபேலு.

தெலெசியா விசிறியைக் கீழே வைத்தாள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டி அவன் கையிலிருந்த கிழங்கை எடுத்து, தேங்காய்ப்பாலை அதன் மேல் ஊற்றி, எல்லோரும் பார்த்திருக்க, கட்டியில்லாமல் விரலால் மசித்து அவன் பக்கம் நகர்த்தினாள்.